தரைக்கடியில் தீ: கொரிய வீடுகள் குளிர்காலத்திற்குத் தயாரான வரலாறு



படிவம் நான்கு வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். "சார், கொரிய நாடகத்துல நல்ல வசதியான வீட்லகூட தரையில படுக்கிறாங்க. வெளிய பனி கொட்டுது. தரை ஜில்லுன்னு இருக்காதா?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போனால் கட்டடக்கலை, காடு, பஞ்சம், அந்நிய ஆட்சி, போர், நிலக்கரி, நம்ம நாட்டு எரிவாயு வரைக்கும் பேச வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டின் தரைக்குள் ஒரு நாட்டின் வரலாறே அடங்கியிருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? வாங்க, பார்ப்போம்.

(கொரிய மொழியிலும் அம்மா, அப்பா என்கிறார்களே என்று யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்க வருகிறவர்களுக்கு: இன்று அந்தப் பேச்சு இல்லை. இன்று நம் பேச்சு வீட்டைப் பற்றி மட்டும்.)

ஒரே வீடு, இரண்டு வேலை

நமக்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பம்தான். மழை பெய்தால் போர்வை, வெயில் அடித்தால் காற்றாடி. அதோடு வேலை முடிந்தது. கொரியாவின் நிலை வேறு. கோடையில் ஈரமும் புழுக்கமும் நம் ஊரைப் போலவே இருக்கும். ஆனால், சைபீரியப் பக்கமிருந்து வாடைக்காற்று இறங்கினால் சியோலில் சனவரி மாதச் சராசரி வெப்பமே பூச்சியத்திற்குக் கீழே போய்விடும். சில இரவுகளில் மைனஸ் 10 பாகைக்கும் கீழே இறங்கும். அங்கே குளிருக்கு வீட்டைத் தயார்செய்யாத குடும்பம் உயிர் பிழைக்குமா என்பதே கேள்வி.

ஆகவே, ஹனோக் எனப்படும் மரபு வீடு இரண்டு பருவத்திற்கும் பொருந்துமாறு கட்டப்பட்டது. கோடைக்கு, மரப்பலகை பாவிய திறந்த கூடம் இருக்கும். அதற்கு 'மாரு' என்று பெயர். பலகைக்கு அடியில் காற்று ஓடும். குளிர்காலத்திற்கு, சிறியதும் தாழ்வானதுமான மூடிய அறைகள் இருக்கும். அந்த அறைகளின் தரைதான் 'ஒண்டோல்'. அடியில் தீ மூட்டிச் சூடேற்றும் கல் தரை.

ஒண்டோல் எப்படி வேலை செய்கிறது?

மாணவர்களே, இதைப் படம் வரைந்து புரிந்துகொள்ளுங்கள். சுலபம்தான்.

அறைக்கு ஒரு பக்கம் சமையற்கட்டு. அதன் தரை அறையின் தரையைவிடத் தாழ்ந்திருக்கும். அங்கே சுவரோரம் அடுப்பு வாய் இருக்கும். விறகு வைத்துச் சோறு ஆக்குகிறார்கள். நம் வீட்டு விறகடுப்பாக இருந்தால் புகை கூரைக்குப் போகும், சூடும் அதோடு போய்விடும். கொரிய வீட்டில் அப்படி விடுவதில்லை. தீயும் புகையும் மேல்நோக்கிப் போகும் இயல்புடையவை. அதனால், தாழ்வான அடுப்பிலிருந்து சற்று உயரமான அறைத் தரைக்கடியில் உள்ள பாதைகளுக்குள் அவை நுழைகின்றன. அந்தப் பாதைகளின் மேல் தட்டையான கற்களை அடுக்கியிருப்பார்கள். கற்களின் மேல் களிமண் பூச்சு, அதற்கும் மேல் எண்ணெய் ஊறிய கெட்டித்தாள். புகை தரைக்கடியில் நெடுக ஓடி, தன் சூட்டையெல்லாம் கல்லுக்குக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தில் உள்ள புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. சோறு வெந்த அதே தீ, வீட்டையும் சூடாக்கிவிடுகிறது. ஒரே விறகில் இரண்டு பலன்!

கல்லுக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். மாலையில் மூட்டிய தீ அணைந்த பிறகும் தரை விடியும்வரை கதகதப்பாக இருக்கும். அடுப்புக்கு அருகில் சூடு அதிகம் என்பதால், அங்கே தடித்த கல்லும் கனமான பூச்சும் வைப்பார்கள். தூரத்தில் மெல்லிய கல். அப்படிச் செய்தும் அடுப்புப் பக்கம்தான் அதிகம் சுடும். அந்த இடத்திற்கு 'அரென்மொக்' என்று பெயர். வீட்டில் மூத்தவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் அந்த இடத்தைக் கொடுப்பது மரபு. வேலை முடிந்து நேரம் கழித்து வருபவருக்கான சோற்றுக் கிண்ணத்தையும் மூடி, போர்வைக்கடியில் அங்கேதான் வைப்பார்கள். சோறு ஆறாது. காத்திருக்கும் அன்பும் ஆறாது.

இப்போது புரிகிறதா, அவர்கள் ஏன் தரையில் படுக்கிறார்கள் என்று? வீட்டிலேயே ஆகச் சூடான இடம் தரைதான். கட்டிலில் ஏறிப் படுத்தால்தான் குளிரும்!

ஏழையின் தரையிலிருந்து அரண்மனை வரை

கொரியத் தீபகற்பத்தின் வடபகுதியிலும் அதையொட்டிய நிலங்களிலும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வீடுகளில் இதன் தொடக்க வடிவம் அகழ்வாய்வில் கிடைத்திருக்கிறது. அப்போது அறை முழுவதும் சுடவில்லை. சுவரோரமாக ஒரு திண்ணை போன்ற பகுதி மட்டும் சுடும். கொகுர்யோ என்ற பழைய அரசில் (அது கி.பி. 668இல் வீழ்ந்தது) ஏழை மக்கள் குளிர்காலத்தில் நீண்ட குழி வெட்டி, அடியில் தீ மூட்டிச் சூடு காய்ந்தனர் என்று சீனாவின் 'பழைய தாங் வரலாறு' என்ற நூல் குறிப்பிடுகிறது. 'ஏழை மக்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இது மேலிருந்து கீழே வந்த கண்டுபிடிப்பு அன்று. அடித்தட்டு மக்களிடமிருந்து மேலே ஏறியது.

பின்னர் கொர்யோ காலத்தில் (918–1392) அறை முழுவதும் சுடும் தரை பரவத் தொடங்கியது. ஜோசான் காலத் தொடக்கத்தில்கூட (1392க்குப் பிறகு) அதைப் பெரும்பாலும் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் உரிய வசதியாகவே கருதினார்கள். சியோலில் இருந்த சுங்கியுங்வான் என்ற உயர்கல்விக்கூடத்தின் விடுதியில் முதன்முதலில் ஒண்டோல் அறை அமைத்தது நோயுற்ற மாணவர்களுக்காகத்தான். மற்ற மாணவர்கள் குளிர்ந்த அறையில் இருந்தபடியே தேர்வுக்குப் படித்திருக்கிறார்கள். விசிறி சுற்றவில்லை என்று வகுப்பில் முணுமுணுக்கும் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், ஆசிரியர்களே!

17ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 'சிறு பனிக்காலம்' என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் அந்தக் காலத்தில், உலகின் பல பகுதிகளில் குளிர் கூடியது. கொரியாவில் 1670, 1671ஆம் ஆண்டுகளில் குளிர், வறட்சி, வெள்ளம், கொள்ளைநோய் எல்லாம் சேர்ந்து பெரும் பஞ்சத்தை உண்டாக்கின. அந்த நூற்றாண்டில்தான் ஒண்டோல் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்ற பேதமின்றி ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் வந்தது. மக்கள் நாற்காலி, கட்டில் இல்லாமல் தரையிலேயே உண்டு, உறங்கி, எழுதி, விருந்தோம்பும் வாழ்க்கைமுறை உறுதியானது. வாசலில் காலணியைக் கழற்றும் பழக்கத்திற்கும் அந்தத் தரைதான் மதிப்புக் கொடுத்தது.

ஆனால், ஒன்று கூடினால் இன்னொன்று குறையத்தானே செய்யும்? ஒவ்வொரு வீட்டுக்கும் நாள்தோறும் விறகு. மலைகள் மொட்டையாகத் தொடங்கின. ஊசியிலை மரங்களை வெட்டக்கூடாது என்று அரசு தடை போட்டுக் காடுகளைக் காக்கப் பார்த்தது. குளிரில் நடுங்கும் குடும்பத்திடம் சட்டம் எவ்வளவு தூரம் செல்லும்? மரம் போனது. மரம் போனதும் மலைமண் மழையில் கரைந்து வயலுக்கும் ஆற்றுக்கும் வந்தது. வீட்டைக் காப்பாற்றிய தீ, காட்டைத் தின்றது.

குளிர் வருமுன் செய்யும் வேலைகள்

தீ மட்டும் போதாது. அறுவடை முடிந்து குளிர் இறங்குமுன் ஒரு குடும்பம் என்னென்ன செய்தது என்று பாருங்கள்.

முதலில் கூரை. எளிய மக்களின் வீடுகளுக்கு வைக்கோல் கூரைதான். ஆண்டுதோறும் புது வைக்கோலைப் பின்னி வேய்வார்கள். ஒரு குடும்பத்தால் தனியாக முடியாது. அக்கம்பக்கத்தார் கூடிச் செய்வார்கள்.

அடுத்துக் கதவும் சன்னலும். மரச்சட்டத்தில் ஹான்ஜி என்ற கைத்தாளை ஒட்டியிருப்பார்கள். கண்ணாடி கிடையாது. ஓராண்டு வெயிலிலும் மழையிலும் தாள் கிழிந்து மஞ்சளாகிவிடும். இலையுதிர் காலத்தில் கதவுகளைக் கழற்றி, தண்ணீர் தெளித்து, பழைய தாளை உரித்து, பசை தடவிப் புதுத்தாள் ஒட்டுவார்கள். கைப்பிடி அருகே தாள் சீக்கிரம் கிழியும் என்பதால், அங்கே இரண்டு தாள்களுக்கு நடுவே இலையோ பூவிதழோ வைத்து ஒட்டுவதுண்டு. உறுதியும் ஆச்சு, அழகும் ஆச்சு. பிறகு, கதவு ஓரங்களில் நீளமான தாள் பட்டைகளை ஒட்டிக் காற்று புகும் இடுக்கை அடைப்பார்கள்.

மூன்றாவது, உடையும் படுக்கையும். 14ஆம் நூற்றாண்டில் மூன் இக்-ஜோம் என்ற அலுவலர் சீனாவிலிருந்து பருத்தி விதைகளைக் கொண்டுவந்தார். அவருடைய மாமனார் அவற்றைப் பயிரிட்டு வளர்த்தெடுத்தார். தூரிகைக் குழாய்க்குள் ஒளித்துக் கொண்டுவந்தார் என்பது கதை. விதை வந்து பயிரானது வரலாறு. கதையையும் வரலாற்றையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள், மாணவர்களே. அதுவரை நார்த்துணி அணிந்து நடுங்கிய எளிய மக்களுக்குப் பஞ்சு அடைத்த உடையும் மெத்தைப் போர்வையும் கிடைத்தன. பருத்தியை மிகப் பழங்காலத்திலேயே பயிரிட்ட நிலங்களுள் இந்தியத் துணைக்கண்டமும் ஒன்று என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, உணவு. பனி மூடினால் காய்கறி ஏது? அதனால் நவம்பர் மாத இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் குடும்பமும் அயலாரும் கூடி, குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சியைப் போடுவார்கள். இந்தக் கூட்டு வேலைக்குக் 'கிம்ஜாங்' என்று பெயர். முட்டைக்கோசையும் முள்ளங்கியையும் உப்பில் ஊறவைத்து, மசாலா தடவி, பெரிய மண்சாடிகளில் அடைத்து, சாடியைக் கழுத்துவரை மண்ணில் புதைப்பார்கள். மேலே பனி உறைந்தாலும் மண்ணுக்குள் குளிர் ஒரே அளவாக இருக்கும். கிம்ச்சி உறைந்தும் போகாது, சீக்கிரம் புளித்தும் போகாது. பூமியே குளிர்பதனப் பெட்டி! தென்கொரியாவின் கிம்ஜாங்கை 2013இலும், வடகொரியாவின் கிம்ச்சி மரபை 2015இலும் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பிரிந்து கிடக்கும் இரு நாடுகளுக்கும் சாடி மட்டும் ஒன்றுதான்.

கரி வந்தது, கூடவே சாவும் வந்தது

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானிய ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்தில்தான் ஒண்டோலின் சூடு கடல் தாண்டியது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், டோக்கியோவில் ஒரு ஜப்பானியச் செல்வரின் வீட்டு விருந்துக்குப் போனார். குளிரில் விறைத்துப்போயிருந்த அவரை 'கொரிய அறை' என்ற ஓர் அறைக்கு அழைத்துச் சென்றனர். கண்ணுக்கு எந்த அடுப்பும் தெரியவில்லை, ஆனால் அறை முழுவதும் இதமான சூடு. வியந்துபோனவர் பின்னாளில் அமெரிக்காவில் தாம் கட்டிய வீடுகளின் தரைக்கடியில் சூட்டுக் குழாய்களைப் பதித்தார்.

அடுத்து வந்தது 1950–1953 கொரியப் போர். போர் முடிந்தபோது மலைகளில் மரம் இல்லை. நகரங்களிலோ அகதிகள் கூட்டம். எதை எரிப்பது? நாட்டில் நிலக்கரி இருந்தது. நிலக்கரித் தூளைப் பிசைந்து, உருளையாக அழுத்தி, காற்று போக மேலிருந்து கீழாகத் துளைகள் விட்டார்கள். இதுதான் 'யொன்தான்'. பின்னாளில் பரவலான வகையில் 22 துளைகள் இருந்தன. எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. விலை மலிவு. 1960களிலிருந்து 1980கள் வரை நகர வீடுகளின் குளிர்காலமே இந்தக் கறுப்பு உருளையை நம்பித்தான் ஓடியது. குளிர் வருமுன் வீட்டில் இரண்டு இருக்கிறதா என்று பார்த்தார்கள்: சாடி நிறையக் கிம்ச்சி, சுவரோரம் அடுக்கிய யொன்தான். இரண்டும் இருந்தால் தாய்க்கு நிம்மதி.

அந்த நிம்மதிக்கு விலையும் உண்டு. ஒரு கரி சில மணி நேரம்தான் எரியும். நடுச்சாமத்தில் யாராவது எழுந்து போய், எரிந்த கரியின் துளைக்கும் புதுக்கரியின் துளைக்கும் நேராக வைத்து மாற்ற வேண்டும். பெரும்பாலும் அந்த 'யாராவது' அம்மாதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து, கரி முழுமையாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்ளும். விறகுப் புகை கண்ணை எரித்து எச்சரிக்கும். இது எச்சரிக்காது. களிமண் தரையில் முடி அளவு விரிசல் இருந்தாலும் போதும். காற்றில்லாத இரவில் வாயு மேலே ஏறாமல் அறைக்குள் கசியும். இரவு படுத்த குடும்பம் காலையில் எழாது. குளிர்காலம்தோறும் இப்படி எத்தனையோ பேர் மடிந்தார்கள். தலைசுற்றி எழுந்தவர்களுக்குக் கிம்ச்சி நீரைக் குடிக்கக் கொடுப்பது கைவைத்தியமாக இருந்தது. உண்மையில் அவர்களைக் காப்பாற்றக்கூடியது வெளிக்காற்றும் ஆக்சிஜனும்தான்.

ஆக, விறகு காட்டைத் தின்றது. கரி மனிதரைத் தின்றது. ஆனால், இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மக்கள் விறகை விட்டுக் கரிக்கு மாறியதால்தான் மலைகளில் நட்ட மரங்கள் தப்பிப் பிழைத்தன. 1973இல் தென்கொரிய அரசு பத்தாண்டுக் காடு வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று சியோலைச் சுற்றிப் பச்சையாகத் தெரியும் மலைகளுக்குக் கரிக்கும் ஒரு பங்கு உண்டு. நல்லது மட்டும், கெட்டது மட்டும் என்று வரலாற்றில் எதுவும் வருவதில்லை.

இன்றைய தரை, இன்றைய எரிவாயு

இப்போது சியோலில் அடுக்குமாடி வீடுகள்தான். தரைக்கடியில் புகை ஓடுவதில்லை. கொதிகலனில் சூடான நீர், குழாய்கள் வழியாக ஓடுகிறது. சாடி புதைக்க மண் இல்லாததால் கிம்ச்சிக்கென்றே தனிக் குளிர்பதனப் பெட்டி வந்தது. 1990களின் நடுவிலிருந்து அது வீட்டுக்கு வீடு பரவியது. ஆனாலும் தரை சுடுகிறது, மக்கள் தரையில் அமர்கிறார்கள். 2018இல் தென்கொரியா ஒண்டோல் பண்பாட்டைத் தேசிய மரபாக அறிவித்தது.

கொதிகலனுக்கு எரிவாயு எங்கிருந்து? 1986இல் இந்தோனேசியாவிலிருந்து முதல் திரவ எரிவாயு கப்பலில் வந்தது. பின்னர் மலேசியாவும் அந்நாட்டுக்கு எரிவாயு விற்கும் நாடுகளுள் ஒன்றானது. சரவாக்கின் பிந்துலுவில் குளிரூட்டித் திரவமாக்கிய வாயு, சியோலில் ஒரு பாட்டியின் தரையைச் சூடாக்கியிருக்கலாம். குளிரே தெரியாத நாம், அவர்களுடைய குளிர்காலத்தில் இப்படிப் பங்கெடுக்கிறோம்.

ஆபத்து முழுவதும் போய்விட்டதா? இல்லை. 2018 டிசம்பரில், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை முடித்த பத்து மாணவர்கள், கங்னுங் நகரில் ஒரு விடுதிக்குச் சுற்றுலா போனார்கள். கொதிகலனின் புகைக்குழாய் இணைப்பு விலகியிருந்தது. வாயு அறைக்குள் கசிந்தது. மூவர் இறந்தனர். தேர்வெழுதிக் களைத்த பிள்ளைகள், உங்கள் வயதுக்காரர்கள். அதன்பிறகு, புதிதாகப் பொருத்தும் எரிவாயுக் கொதிகலனோடு எச்சரிக்கைக் கருவியும் வைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு குழாய் இணைப்பை ஒருவர் சரிபார்த்திருந்தால் போதும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

நமக்கு இது தொலைவான கதை அன்று. கேமரன் மலையில் கூடாரம் போட்டு, குளிருதே என்று கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். மின்வெட்டின்போது மின்னாக்கியை வீட்டுக்குள் ஓடவிடாதீர்கள். மூடிய இடத்தில் எரியும் எதற்கும் புகை போக வழி வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் உங்கள் மாணவர்கள் மறக்காமல் இருந்தால், இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

வரலாற்றுக் கட்டுரையில் பலரும் ஆண்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அது பட்டியல், கட்டுரை ஆகாது. ஒண்டோலை எடுத்துக்காட்டாக வைத்து இப்படிப் பழகுங்கள்:

1. காரணம்: 17ஆம் நூற்றாண்டில் ஒண்டோல் எல்லா வீடுகளுக்கும் பரவிய காலத்தில் தட்பவெப்பம் எப்படி இருந்தது?
2. விளைவு: வீட்டைச் சூடாக்கியதால் காட்டுக்கு என்ன நேர்ந்தது?
3. மாற்றம்: விறகு, கரி, எரிவாயு என்று எரிபொருள் மாறியபோது எது கூடவே மாறியது?
4. தொடர்ச்சி: எல்லாம் மாறியும் எது மாறவில்லை? ஏன்?

நான்காவது கேள்விக்கு விடை எழுதத் தெரிந்தவர், வரலாறு படிக்கக் கற்றுக்கொண்டவர்.

ஆசிரியர்களே, வகுப்பில் ஒரு சிறு நடவடிக்கை: உங்கள் வட்டாரத்தில் பழைய பலகை வீட்டிலோ தோட்டத்து லயத்திலோ வாழ்ந்த தாத்தா பாட்டியிடம், மழைக்காலத்திற்கு வீட்டை எப்படித் தயார்செய்தார்கள் என்று மாணவர்கள் கேட்டு வரட்டும். கூரை, விறகு, அரிசி, கருவாடு எல்லாம் வரும். கொரியாவுக்குச் சாடி என்றால் நமக்கும் ஏதோ ஒன்று இருந்திருக்கும். அது என்ன என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும்.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தரை ஜில்லுன்னு இருக்காது, கண்ணு. அடியில ஒரு அம்மா முழிச்சு மூட்டுன தீ இருக்கு."